நீட் மார்க் இருந்தும் காகிதத்தில் வழுக்கும் இடங்கள்: நெல்லைச் சீமைப் பிள்ளைகளுக்கு

கட் ஆஃப் கணக்குப் போட்டுத் தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்தக் கணக்கு சரியாக வந்தும் எம்.பி.பி.எஸ். சீட்டு நழுவுவது ஊர், உறவு சம்பந்தப்பட்ட காகிதங்களில்தான். அந்த எரிச்சலோடு எழுதுவது இது. நீட், மாநில ஒதுக்கீடு, ரவுண்டு விவரமெல்லாம் தெரிந்தவர்களுக்குத்தான். அதையெல்லாம் மறுபடி விளக்கவில்லை.

மாநில விண்ணப்பத்தில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை எந்தப் பள்ளி, எந்த மாநிலம் என்று வகுப்புவாரியாகக் கேட்பார்கள். அந்த ஏழு வரிகள்தான் எல்லாம். ஏழும் தமிழ்நாடு, குடும்பமும் இந்த மண் என்றால் நேட்டிவிட்டி (பூர்வீகச் சான்று) தனியாக வேண்டாம். ஏழும் தமிழ்நாடு, ஆனால் குடும்பம் வேறு மாநிலத்திலிருந்து வந்தது என்றால் பொதுப்பிரிவில்தான் நிற்க முடியும். அந்த மாநிலத்துச் சாதிச் சான்று இங்கே செல்லாது. குடும்பம் நம்மூர், ஆனால் ஏழில் ஒரு வருஷமாவது வெளி மாநிலத்தில் படித்தது என்றால் நேட்டிவிட்டியும் வேண்டும், அதைத் தாங்கிப் பிடிக்கப் பெற்றோரின் காகிதமும் வேண்டும்.

நம் பக்கத்தில் இந்த மூன்றாவது வகை அதிகம். நாங்குநேரி, ராதாபுரம், ஆலங்குளம் பக்கமெல்லாம் வீட்டுக்கு ஒரு ஆள் பம்பாயில் இருப்பார். பிள்ளை தாராவியில் பத்தாவது முடிக்கும். பதினொன்றுக்கு ஆச்சி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த நாளிலேயே மகாராஷ்டிராக் கதவு சாத்தியாகிவிடுகிறது. அங்கே மாநில ஒதுக்கீட்டுக்கு டொமிசைல் (அந்த மாநிலத்துக்காரர் என்ற சான்று) மட்டும் போதாது, பத்தும் பன்னிரண்டும் இரண்டுமே அந்த மாநிலத்தில் முடித்திருக்க வேண்டும். மிச்சம் இருப்பது தமிழ்நாடு ஒன்றுதான். அதுவும் அப்பாவோ அம்மாவோ இந்த ஊர்க்காரர் என்று காகிதத்தில் காட்டினால்தான். மாற்றுவதானால் எட்டு முடிந்ததும் மாற்றுங்கள், இல்லையென்றால் பன்னிரண்டையும் அங்கேயே முடியுங்கள். பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில் ரயில் ஏற்றுவதுதான் இருப்பதிலேயே மோசமான முடிவு.

செங்கோட்டை, புளியரைப் பக்கம் சிக்கல் வேறு மாதிரி. அம்மா கேரளத்துப் புனலூர், அப்பா தென்காசி என்று இருக்கும். இரண்டு மாநிலத்திலும் ‘நான் இந்த ஊர்’ என்று விண்ணப்பித்து, வருகிற இடத்தில் சேர்ந்துகொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரண்டு இடத்தில் பூர்வீகம் கோரியது தெரிந்தால் தகுதியே போய்விடும். அரசுக் கல்லூரிகளில் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும் பதினைந்து சதவீதம் இந்தக் கணக்கில் வராது. அங்கே ஊரே கேட்பதில்லை.

இனி அப்பாவின் டி.சி. (பள்ளி மாற்றுச் சான்று). மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். ஆதாரும் ரேஷன் கார்டும் இன்றைய முகவரியைத்தான் சொல்லும். அப்பா ஐந்தாவதோ எட்டாவதோ படித்த ஊர்ப் பள்ளியின் டி.சி., அல்லது பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், முப்பது நாற்பது வருஷத்துக்கு முன்பே குடும்பம் இங்கே இருந்ததைச் சொல்லும். தொலைந்திருந்தால் அந்தப் பள்ளித் தலைமையாசிரியரிடம் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்து நகல் கேளுங்கள். பள்ளியே மூடியிருந்தால் பதிவேடு எங்கே போயிற்று என்று வட்டாரக் கல்வி அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். அப்பா படிக்காதவர் என்றால் அம்மாவுடையது. அதுவும் இல்லையென்றால் பிறப்புச் சான்று, பட்டா.

அதன்பின் வேலை இவ்வளவுதான்:

– இ-சேவையில் சி.ஏ.என். எண் (விண்ணப்பிக்க ஆளுக்கொரு எண்) பதிவு. பிள்ளையின் பெயர் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து.
– அங்கே சேவை எண் 101 சாதிச் சான்று, 102 நேட்டிவிட்டி. குடியிருப்புச் சான்று என்று தனியாக ஒன்று இருக்கிறது. அவசரத்தில் அதைப் போட்டுவிடுகிறார்கள். அது உதவாது.
– ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று மேலே போகும். எங்கே நிற்கிறது என்று எண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டே இருங்கள்.
– ஜனவரி, பிப்ரவரியில் போடுங்கள். மே, ஜூனில் தாலுகா ஆபீஸில் ஜமாபந்தி (வருஷாந்தர கிராமக் கணக்குத் தணிக்கை). கிராமக் கணக்கைத் தூக்கிக்கொண்டு வி.ஏ.ஓ. அங்கே போய்விடுவார். நீட் ரிசல்ட் வருவதும் விண்ணப்பம் திறப்பதும் அநேகமாக அதே ஜூன். ‘பாத்துக்கிடலாம்’ என்று இருந்தவர்கள் மாட்டுவது இந்த வாரங்களில்தான்.

பெயரில் விழும் முடிச்சைக் கிட்டத்தில் பார்க்க ஒரு உதாரணம். பம்பாய்ப் பள்ளியில் பெயர், அப்பா பெயர், சர்நேம் என்று மூன்று கட்டம். சர்நேமுக்கு நம்மாட்கள் சாதியை எழுதிவிடுவார்கள். ‘பேச்சியம்மாள் இசக்கிமுத்து நாடார்’ என்று மார்க் ஷீட் வரும். இங்கே ஆதாரில் ‘இ. பேச்சியம்மாள்’. அப்பாவின் டி.சி.யில் இசக்கி ஆங்கில ‘ஈ’ எழுத்தில் தொடங்கும், ரேஷன் கார்டில் ‘ஐ’ எழுத்தில். சரிபார்ப்பவருக்கு அது இரண்டு ஆள். ஆதாரை மார்க் ஷீட்டுக்கு ஏற்ப முதலில் திருத்துங்கள், பிறகு சான்றுகள். அப்பா பெயர் வேறுபாட்டுக்கு நோட்டரி அஃபிடவிட் ஒன்று கையில் இருக்கட்டும். சர்நேமில் சாதி இருப்பது சாதிக்கு ஆதாரம் ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சாதிச் சான்றில் ஊர் எவ்வளவு தூரம் புகுந்து விளையாடும் என்பதற்கு நம் சீமையைவிட நல்ல இடம் கிடையாது. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரில் இருந்தது. அதனால் வண்ணான், பரவன், மன்னான் போன்ற பெயர்கள் கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டை தாலுகாவிலும் மட்டும் எஸ்.சி. பட்டியலில் உள்ளன. தாலுகா எல்லை தாண்டினால் வேறு பட்டியல். பாபநாசம் மலைக் காணிக்காரர்களுக்கு எஸ்.டி. என்பது அம்பாசமுத்திரம், செங்கோட்டை தாலுகாக்களையும் குமரியையும் சேர்த்தது. பார்க்கப்படுவது குடும்பத்தின் பூர்வீகம்; பிள்ளை இப்போது வாடகைக்கு இருக்கும் வீடு அல்ல.

பயப்பட வேண்டாத வேறுபாடுகளும் உண்டு. அப்பா சான்றில் பள்ளன் அல்லது குடும்பன், பிள்ளை சான்றில் தேவேந்திரகுல வேளாளர் என்று இருப்பது 2021 சட்டத் திருத்தத்தால். கடையன் மட்டும் கவனம்: திருநெல்வேலி, தூத்துக்குடி உள்ளிட்ட கடலோரப் பகுதிகளில் அந்தப் பெயர் மாற்றத்தில் சேரவில்லை. அப்பா சான்றில் திருநெல்வேலி மாவட்டம், பிள்ளைக்குத் தூத்துக்குடி அல்லது தென்காசி என்று வந்தால் அது 1986, 2019 பிரிவினைகள். எஸ்.சி.யிலிருந்து கிறிஸ்தவம் தழுவிய குடும்பங்கள் மாநிலத்தில் பி.சி.; பாட்டனாரின் பழைய எஸ்.சி. சான்றை எடுத்து நீட்டினால் சிக்கல்தான் கூடும்.

மாநிலத்தில் பி.சி.க்கு வருமான வரம்பு கிடையாது. அகில இந்திய ஒதுக்கீட்டில் ஓ.பி.சி. என்று போக வேண்டுமானால் மத்திய அரசு வடிவத்தில் கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவு) இல்லாச் சான்று தனி. அதற்கு வருஷ வருமான வரம்பு எட்டு லட்சம் என்றதும் வாத்தியார் வீட்டில் பலர் விண்ணப்பிப்பதையே விட்டுவிடுகிறார்கள். அந்த எட்டு லட்சத்தில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. பெற்றோரின் பதவி நிலைதான் தனியாகப் பார்க்கப்படும்.

அடுத்தது அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. கல்வி உரிமைச் சட்ட இடத்தில் எட்டு வரை தனியாரில் படித்து ஒன்பது முதல் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களும் உண்டு. 2020-இல் வந்த சட்டம், 2022-இல் உயர் நீதிமன்றமும் சரி என்றது. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே கட்டுகிறது. ‘பாளையங்கோட்டையில அத்தை வீட்ல தங்கிப் படிக்கட்டும்’ என்று ஒன்பதாம் வகுப்பில் ஊர் அரசுப் பள்ளியிலிருந்து பெயர்பெற்ற பள்ளிக்கு மாற்றுகிறோமே, அந்தப் பள்ளிகளில் பாதிக்குமேல் அரசு உதவி பெறுபவை. வாத்தியாருக்குச் சம்பளம் அரசு தருவதால் அது அரசுப் பள்ளி ஆகிவிடாது. அத்தை வீட்டில் ஒரே வருஷம் இருந்தாலும் 7.5 போச்சு. என்னைக் கேட்டால், சுமாராகப் படிக்கும் பிள்ளைக்குக்கூட ஊர்ப் பள்ளியே லாபம்.

நெல்லைக்காரப் பிள்ளைக்கு ஹைகிரவுண்டில் (திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியில்) முன்னுரிமை உண்டா என்று கேட்கிறார்கள். இல்லை. மருத்துவக் கல்லூரியில் மாவட்டவாரி ஒதுக்கீட்டை உச்ச நீதிமன்றம் 1968-லேயே, அதுவும் சென்னை மாநில வழக்கிலேயே, ரத்து செய்துவிட்டது. திருநெல்வேலியின் 250 இடத்தில் 37, 38 அகில இந்தியாவுக்குப் போகும், மற்றதெல்லாம் ரேங்க்தான். அண்ணன் அங்கே படிப்பதும் அப்பா டாக்டர் என்பதும் கணக்கில் வராது. முதல் பட்டதாரிச் சான்றும் ரேங்க்கை ஒரு படிகூட ஏற்றாது.

வளைகுடாவில் மாமா இருக்கிறார், என்.ஆர்.ஐ. (வெளிநாடு வாழ் இந்தியர்) இடம் வாங்கலாம் என்று ஏஜென்ட் வந்தால் நிதானம். தனியார் கல்லூரிகளில் இந்த வாசல் அதிகபட்சம் பதினைந்து சதவீதம். பஞ்சாப் அரசு தூரத்து உறவுகளையும் இதில் சேர்க்கப் பார்த்தபோது 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மோசடி என்றே சொன்னது. நீங்கள் விண்ணப்பிக்கும் வருஷத்து விவரக் கையேட்டில் எந்த உறவு வரை செல்லும், தூதரகச் சான்று, வங்கிக் கணக்கு என்னென்ன என்று வாசிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இவ்வளவும் எம்.பி.பி.எஸ்.ஸோடு சரி. மேற்படிப்பில் மாநிலக் குடியிருப்பை வைத்து இடம் ஒதுக்குவது செல்லாது என்று 2025 ஜனவரியில் தீர்ப்பு வந்துவிட்டது. எந்தக் கல்லூரியில் படித்தீர்கள் என்பதற்கு மட்டும் ஓரளவு இடம் விட்டிருக்கிறார்கள். சாதிச் சான்று அப்போதும் வேண்டும். அப்பாவின் டி.சி.யை மட்டும் திரும்ப பீரோவில் வைத்துவிடலாம்.