வர்த்தமானியைத் தடுக்கலாம், சட்டத்தைத் தொட முடியாது

2018 நவம்பர் 9 ஆம் திகதி இரவு வெளியான வர்த்தமானி மூலம், அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன இலங்கைப் பாராளுமன்றத்தைக் கலைத்தார். அந்தப் பாராளுமன்றம் முதன்முதலில் கூடியது 2015 செப்டெம்பர் 1 ஆம் திகதி. அரசியலமைப்பின் பத்தொன்பதாம் திருத்தத்திற்குப் பின் அப்போது நடைமுறையிலிருந்த 70 ஆம் உறுப்புரையின்படி, முதற்கூட்டத்திலிருந்து நான்கரை ஆண்டுகள் கழியுமுன், மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் தீர்மானம் நிறைவேற்றிக் கோரினாலன்றி, ஜனாதிபதி அதனைக் கலைக்க முடியாதிருந்தது. அத்தகைய தீர்மானம் எதுவும் நிறைவேற்றப்பட்டிருக்கவில்லை.

எதிர்க்கட்சித் தலைவராக இருந்த இரா. சம்பந்தன் உள்ளிட்ட பலர் அடிப்படை உரிமை மனுக்களுடன் நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றத்தை நாடினர். பாராளுமன்றத்தைக் கலைக்கும் அதிகாரத்தை ஜனாதிபதிக்கு வழங்கும் 33 ஆம் உறுப்புரை தனித்து இயங்கவல்லது என்பது சட்டமா அதிபரின் வாதம். டிசம்பர் 13 ஆம் திகதி ஏழு நீதியரசர்களும் ஒருமனதாக அதனை நிராகரித்து, அந்த அதிகாரம் 70 ஆம் உறுப்புரையின் வரம்புக்கு உட்பட்டதே என்றும், கலைப்பு 12(1) ஆம் உறுப்புரை உறுதிசெய்யும் சமத்துவ உரிமையை மீறியது என்றும் தீர்ப்பளித்தனர்.

நீதியரசர்களின் துணிவு பற்றி அப்போது நிறையப் பேசப்பட்டது. அந்தப் பாராட்டு தகும். ஆனால் மனுதாரர்களுக்கு வழியைத் திறந்துவிட்டது, ஜனாதிபதி மீது வழக்குத் தொடர முடியாதெனும் சட்ட விடுபாட்டைக் கூறும் 35 ஆம் உறுப்புரையில் பத்தொன்பதாம் திருத்தம் சேர்த்த ஒரு காப்புவாசகம். ஜனாதிபதி பதவிமுறையில் செய்த செயலுக்கு எதிராக, சட்டமா அதிபரைப் பிரதிவாதியாக்கி அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்யலாம் என்கிறது அது.

இவ்வளவு வலிமையோடு நின்ற அதே நீதிமன்றம், சபாநாயகர் சான்றுரைத்து நடைமுறைக்கு வந்த ஒரு சட்டத்தின் முன் கைகட்டி நிற்க வேண்டியிருக்கிறது. சட்டமூலமாக இருக்கும் குறுகிய காலத்திற்குள் அதனை எதிர்க்காவிட்டால், பின்னர் எந்தக் காரணத்திற்காகவும் அதன் செல்லுபடியைக் கேள்விக்குட்படுத்த முடியாதென 80(3) ஆம் உறுப்புரை தடுக்கிறது. இந்தியாவிலோ, நடைமுறையிலுள்ள சட்டத்தையே உச்ச நீதிமன்றம் செல்லாததாக்க முடியும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு 2015 இல் அவ்வாறுதான் வீழ்ந்தது.

இதன் கனத்தைத் தமிழர்கள் நன்கறிவர். 1979 இல் தற்காலிக ஏற்பாடாகக் கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திற்குக் குறையாத அதிகாரியிடம் அளிக்கப்படும் ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கிறது. அது வற்புறுத்திப் பெறப்பட்டதென நிரூபிக்கும் சுமையையும் குற்றஞ்சாட்டப்பட்டவர் மீதே வைக்கிறது. தடுத்துவைக்கப்பட்டவர் தன் தடுத்துவைப்பை எதிர்த்து மனுச் செய்யலாம். ஆனால் அச்சட்டத்தின் பிரிவுகளே செல்லாதென அறிவிக்குமாறு கேட்க அவருக்கு வழியில்லை. புதிய அரசியலமைப்புக்கான எந்தப் பேச்சுவார்த்தையிலும் 80(3) இன் நீக்கத்தைத் தமிழ்க் கட்சிகள் அதிகாரப் பகிர்வுக்கு இணையான கோரிக்கையாக முன்வைக்க வேண்டும்.