நிற்கும் துகளும் வினைபுரியும்: மந்த விரவலோடு மல்லுக்கட்டிய அனுபவம்

முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்த தலைப்பைச் சொன்னால் கடலூரில் கேட்கும் முதல் கேள்வி, "சிப்காட் தண்ணீரைச் சோதிக்கிறாயா?" என்பதுதான். எங்கள் ஊரில் வேதியியல் என்றதும் அதுதான் நினைவுக்கு வரும். குறை சொல்ல முடியாது. என் வேலையிலோ தண்ணீரும் இல்லை, குடுவையும் இல்லை. களிமண், ஜெல், செல்லின் உட்புறம் போன்ற நெரிசலான இடங்களில் தடுமாறி நகரும் மூலக்கூறுகள் எப்படி வினைபுரிகின்றன என்பதற்குச் சமன்பாடு எழுதுவதுதான் வேலை.

துகள்கள் தாறுமாறாக நகர்ந்து பரவுவதுதான் விரவல். சாதாரண விரவலில் சராசரி வர்க்க இடப்பெயர்ச்சி, அதாவது துகள் நகர்ந்த தூரத்தின் வர்க்கத்தின் சராசரி, நேரத்துக்கு நேர்விகிதத்தில் வளரும். ஐன்ஸ்டைன் 1905இல் காட்டியது இது. மந்த விரவலில் அது நேரத்தின் ஆல்ஃபா அடுக்காக வளரும். ஆல்ஃபா 1ஐவிடக் குறைவு. துகள் ஒவ்வோர் இடத்திலும் சிக்கிக் காத்திருக்கிறது. காத்திருப்பின் சராசரி முடிவிலி. மான்ட்ரோலும் வைஸும் 1965இல் நின்று நின்று நகரும் இந்த நடைக்குக் கணிதம் எழுதினார்கள். ஷெரும் மான்ட்ரோலும் 1975இல் படிகமற்ற குறைக்கடத்திகளில் மின்னூட்டம் நகர்வதை அதைக் கொண்டு விளக்கினார்கள். இதுவரை படிப்பதில் எனக்குச் சிரமம் இல்லை. புதுச்சேரி பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தால் போதும், அரியாங்குப்பம் வருவதற்குள் ஒரு வருவிப்பு முடிந்துவிடும்.

வினை உள்ளே வந்ததும் கதை மாறியது. ஒவ்வொரு மூலக்கூறும் எந்நேரமும் ஒரே வாய்ப்போடு சிதைகிறது என்ற மிக எளிய வினைதான். சாதாரண விரவலில் சமன்பாட்டின் கடைசியில் ஒரு சிதைவு உறுப்பைச் சேர்த்தால் முடிந்தது. மந்த விரவலுக்கு எழுதுவது, பழைய நிலைகளையெல்லாம் நினைவில் வைக்கும் பின்ன வகைக்கெழு உள்ள சமன்பாடு. அதிலும் அப்படியே ஒட்டிவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். "முதலில் ஒட்டித்தான் பார், என்ன வருகிறது என்று எனக்குக் காட்டு" என்றார் வழிகாட்டி மேடம்.

மொத்தப் பொருளைக் கூட்டினால் விடை கச்சிதம்: அடுக்குக்குறிப்படி குறைகிறது. இங்கேதான் பலர் நிம்மதியாக எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்கள் என்று நினைக்கிறேன். செறிவைத் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கிக் கூட்டினால் குட்டு வெளிப்படும். லாப்லாஸ் உருமாற்றத்தில் (வகைக்கெழுவை எளிய இயற்கணிதமாக்கும் உத்தி) இரண்டே வரியில் கையாலேயே போடலாம்: நீண்ட நேரத்தில் அந்தக் கூட்டுத்தொகை எதிர்க்குறி ஆகிறது. அப்படியென்றால் எங்கோ செறிவே பூச்சியத்துக்குக் கீழே போயிருக்க வேண்டும். அப்படி ஒரு பொருள் உலகில் கிடையாது.

"பண்ருட்டியிலிருந்து ஒருவர் பலாப்பழத்தோடு கிளம்புகிறார். ஒவ்வோர் ஊரிலும் அடுத்த பஸ்ஸுக்காக நிற்கிறார். நிற்கும்போது பழம் அழுகாதா?" என்று கேட்டார் மேடம். ஒட்டுப்போட்ட சமன்பாட்டின் கோளாறு இதுதான். நெடுநாள் முன்பு வந்து சிக்கிய துகள் இன்று கிளம்பும் என்று அதன் நினைவுப் பகுதி கணக்கு வைக்கிறது. அந்தத் துகள் இடையிலேயே சிதைந்திருக்கலாம் என்பது அதற்குத் தெரியாது. ஹென்றி, லாங்லண்ட்ஸ், வேர்ன் ஆகிய மூவரும் 2006இல் இதைத் திருத்தினார்கள். பழைய நிலை ஒவ்வொன்றையும் அதன்பின் பிழைத்திருக்கும் வாய்ப்பால் பெருக்க வேண்டும். சோகோலோவ் குழுவினரும் அதே ஆண்டு இதே முடிவுக்கு வந்தார்கள்.

இதை நிரலில் எழுதுவது நான் பயந்த அளவுக்கு இல்லை. பின்ன வகைக்கெழுவைக் கூட்டலாக மாற்றும் குரூன்வால்ட்-லெட்னிகோவ் முறையில் பழைய நேரப்படிகளுக்கு எடைகள் உண்டு, ஆல்ஃபா 0.5 என்றால் 1, -0.5, -0.125, -0.0625 என்று போகும். ஒவ்வோர் எடையையும் அதற்குரிய பிழைத்திருக்கும் வாய்ப்பால் பெருக்கினால் போதும். சமன்பாட்டில் இந்த வாய்ப்பு வளரும் அடுக்குக்குறி, குறையும் அடுக்குக்குறி என இரண்டாகப் பிரிந்து நிற்கும்; அவற்றைத் தனித்தனியாகக் கணக்கிடாதீர்கள். நேரம் நீண்டால் எண் கணினியின் எல்லையைத் தாண்டிவிடும். இன்னோர் ஆதாயமும் உண்டு. எடைகள் விரைவில் தேய்வதால் மிகப் பழைய வரலாற்றை வெட்டிவிடலாம். சிதைவே இல்லாவிட்டால் அது முடியாது. படிகள் இருமடங்கானால் வேலை நான்கு மடங்காகும்.

என்னை உண்மையில் வதைத்தது நேரப்படியின் அளவு. வெளிப்படை முறையில் (அடுத்த நிலையை முந்தைய நிலைகளிலிருந்தே நேராகக் கணக்கிடுவது) இடப்படியைப் பாதியாக்கினால், விடை நிலைகுலையாமல் இருக்கச் சாதாரண விரவலுக்கு நேரப்படிகள் 4 மடங்கு, ஆல்ஃபா 0.5 என்றால் 16 மடங்கு. மடிக்கணினி இரவெல்லாம் இரைந்தது. மே மாதத்து மஞ்சக்குப்பத்தில் மின்விசிறியின் காற்று யாருக்கு என்று எனக்கும் அதற்கும் போட்டி. அடுத்த நிலையின் மதிப்புகளை எல்லாம் ஒன்றாகத் தீர்க்கும் உள்ளார்ந்த முறைக்கு மாறிய பிறகே தூங்கினேன்.

சரிபார்க்க இரண்டு வழிகள் வைத்துக்கொண்டேன். ஒன்று, வினையில்லாத தீர்வை அடுக்குக்குறிச் சிதைவால் பெருக்கினால் அதுவே விடையாக வேண்டும். இன்னொன்று, சமவாய்ப்பு நடையில் துகள்களை ஓடவிட்டு எண்ணுவது. இதில் விரவலின் வேகத்தைச் சொல்லும் விரவல் கெழுவுக்குள் ஒரு காமா சார்பு (தொடர்பெருக்கத்தின் பொதுவடிவம்) ஒளிந்திருக்கும்; அதை விட்டால் வளைவரைகள் ஒத்த வடிவத்தில் இருந்தும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது.

ஆய்வுக் குழுக் கூட்டத்தில் ஒருவர், சிதைந்து உருவாகும் விளைபொருள் எப்போது கிளம்பும் என்று கேட்டார். தாய்த் துகளின் காத்திருப்பை அது தொடர்கிறதா, புதிதாகத் தொடங்குகிறதா? தொடர்கிறது என்றால் விளைபொருளின் சமன்பாட்டுக்குள் தாய்ப் பொருளின் முழு வரலாறும் வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டில் எது என்பதைக் கணிதம் சொல்லாது, சிக்கவைக்கும் பொருளின் தன்மைதான் சொல்லும் என்றேன். இரண்டு வகைக்கும் தனித்தனியாக ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டார்கள். ஓடிக்கொண்டிருக்கிறது.