டோட்டல் லாஸ்: வண்டி போனது ஒரே நாளில், பணம் வந்தது மூன்றாவது மாதம்

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். வேளச்சேரியில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். விவரம் தெரிந்தவர்கள் முந்தின நாளே காரை மேம்பாலத்தில் ஏற்றிவிட்டார்கள், நான்தான் "போன தடவை இவ்வளவு வரவில்லையே" என்று கீழேயே விட்டிருந்தேன். தண்ணீர் வடிந்ததும் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் சாவியைத் தொடாதது. எதிர்வீட்டு அண்ணன் தன் காரை ஓடுகிறதா பார்ப்போம் என்று ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பார்த்தார். இன்ஜினுக்குள் தண்ணீர் ஏறி ராடு வளைந்தது, "இது வெள்ளத்தால் வந்ததில்லை, நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்தது" என்று இன்ஜின் செலவை அவருடைய இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அப்படியே கழித்துவிட்டார்கள். இந்த மாதிரி இன்ஜின் சேதத்துக்கென்று தனியாக எடுக்கும் இன்ஜின் புரொடெக்ட் கவர் அவரிடம் இல்லை. என்னிடமும்தான் இல்லை.

கிளெய்ம் பதிவு, டோ வண்டி எல்லாம் சுலபம். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வர 9 நாள், ஊரே வரிசையில் நின்றதால் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட் 3,60,000. பாலிசியில் ஐடிவி, அதாவது வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பு, 4,20,000. ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினாலே டோட்டல் லாஸ்தான், வண்டி முழுசாகப் போனதாகவே கணக்கு. ஆனால் சர்வேயர் போனில், "வண்டி பழசு சார், 3,10,000-க்கு முடித்துக்கொள்ளலாம்" என்கிறார்! பாலிசியை எடுத்து வரிவரியாகப் படித்தேன். டோட்டல் லாஸ் என்றால் பாலிசி காலம் முழுக்க ஐடிவிதான் வண்டியின் மதிப்பு, அதற்குமேல் தேய்மானம் பிடிக்கக்கூடாது என்று தெளிவாகவே போட்டிருக்கிறது. அந்தப் பத்தியைப் படம் எடுத்து மெயிலில் அனுப்பினேன், போனில் பேசவில்லை. மறுநாளே 4,20,000-க்கு ஒத்துக்கொண்டார்கள், எந்த கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 மட்டும் போக.

இனிமேல்தான் அசல் கூத்து. கார் லோன் 2022-லேயே முடிந்துவிட்டது. பாக்கி இல்லை என்று பேங்க் கொடுத்த என்ஓசியை பீரோவில் பத்திரமாக வைத்தேன், ஆர்டிஓவுக்குப் போய் ஹெச்பி கேன்சல், அதாவது ஆர்சியில் இருக்கும் பேங்க் அடமானக் குறிப்பை நீக்குவது, அதை மட்டும் செய்யவில்லை. ஆர்சியில் இன்னும் பேங்க் பெயர், ஆகவே பணம் எனக்குத் தரமுடியாதாம். பழைய என்ஓசிக்கு 90 நாள்தான் ஆயுள். கிளைக்குப் போனால் "லோன் செக்‌ஷன் பாரிமுனைக்கு மாறிவிட்டது", பாரிமுனைக்குப் போனால் "முடிந்த கணக்கு சிஸ்டத்தில் வராது, கிளையில் கேளுங்கள்". லீவு போட்டு இப்படி மூன்று நடை. கடைசியில் லோன் நம்பர் போட்டு எழுத்தில் புகார் கொடுத்து, அதற்கு ஒப்புகை கேட்டேன். நாலாம் நாள் புது என்ஓசியும் அடமானத்தை நீக்கும் ஃபார்ம் 35-ம் கூரியரில் வந்தன. லோன் முடித்தவர்கள் இன்றைக்கே உங்கள் ஆர்சியை எடுத்துப் பாருங்கள்.

பிப்ரவரி கடைசியில் கழிவு போக வரவேண்டிய 4,19,000 இரண்டு பங்காக வந்தது: இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமிருந்து 3,49,000, உடைந்த வண்டியை ஏலத்தில் எடுத்தவரிடமிருந்து 70,000. ஆர்சியில் பெயர் மாற்றும் ஃபார்ம் 29, 30-இல் வாங்குபவர் பெயரை எழுதிய பிறகே கையெழுத்துப் போட்டேன், தேதி, நேரம் போட்டு டெலிவரி சீட்டும் வாங்கினேன். ரொம்ப உஷார் என்று எனக்கே ஒரு பெருமை.

மார்ச்சில் ஒரு மத்தியானம் போனில் மெசேஜ்: விக்கிரவாண்டி டோலில் என் ஃபாஸ்டேக்கில் பணம் பிடித்திருக்கிறார்கள். கண்ணாடியில் ஒட்டியதைக் கிழிக்க மறந்திருக்கிறேன்! காயலான் கடைக்குப் போயிருக்கும் என்று நினைத்த வண்டி தெற்கே போய்க்கொண்டிருக்கிறது, ஆர்சி பார்த்தால் இன்னும் என் பெயரில். ஃபாஸ்டேக்கை அன்றைக்கே மூடினேன், பெயர் மாற்றவைக்க அந்த ஆளை மூன்று வாரம் துரத்தினேன்.