தங்கைக்காக ஒரு பேட் தாய்

பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி எனப்படும் ஹார்மோன் கோளாறு) இருக்கும் என் தங்கைக்கு நூடுல்ஸ் என்றால் உயிர். அவளுக்காகத்தான் பேட் தாய் என்ற இந்தத் தாய்லாந்து நூடுல்ஸ். பிசிஓஎஸ் வந்த பலருக்கும் இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. அதனால், ரத்தத்தில் சர்க்கரை எகிறாமல் இருக்க, அரிசி நூடுல்ஸ் ஒரு கைப்பிடி மட்டும். மீதிக்கு நேதாஜி மார்க்கெட் கோஸ், கேரட், வீட்டில் முளைகட்டிய பச்சைப்பயறு.

தாய்லாந்திலும் இதற்குப் புளிதான், நமக்குச் சௌகரியம்! கெட்டிப் புளிக்கரைசல், மீன் சாஸ், பேருக்குக் கொஞ்சம் பனைவெல்லம். இரும்புச் சட்டியில் புளி சுண்டி, இழையெல்லாம் பழுப்பேறியதும் அதை ஓரமாக ஒதுக்கி இரண்டு முட்டை உடைத்து ஊற்றுவேன். அது பாதி வெந்ததும் ஒரே கிளறல். அப்புறம், குடியாத்தம் மாமா நிலத்து மல்லாட்டையை (வேர்க்கடலையை) வறுத்து, ஒன்றிரண்டாக இடித்து மேலே தூவ வேண்டும். அந்த வாசனைக்கே தங்கை அடுப்படிக்கு வந்துவிடுவாள்.

நூடுல்ஸை வேகவைக்காதீர்கள், குழைந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் ஊறினால் போதும்.