புகை வரும் முன்னே, ஊதல் வரும் பின்னே

எங்கள் கல்லூரிப் பின்மதிலின் வடமூலையில் ஏறி நின்றால், யாழ்ப்பாணத்தின் வடகரையிலுள்ள காங்கேசன்துறைக்குப் போகும் தண்டவாளம் வடலிகளுக்கு நடுவே நேர்கோடாக ஓடுவதும் அதன் கோடியில் கடவைப் படலை நிற்பதும் தெரியும் என்பது, அறுபதுகளின் தொடக்கத்தில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். அந்த மூலையில்தான் எங்கள் பௌதிக ஆசிரியர் தமது மிகச் சிறந்த பாடத்தை நடத்தினார்.

வீட்டில் நாம் கோச்சி என்போம்; கட்டுரைக் கொப்பியில் அவ்வாறு எழுதினால் தமிழ் ஆசிரியர் சிவப்பு மையால் வெட்டிப் புகையிரதம் என்று திருத்துவார். 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே ஓடத் தொடங்கி, 1905இல் கொழும்புடன் இணைந்த பாதை அது. 1956இல் டீசல் எஞ்சின் இழுத்த யாழ்தேவி கடுகதி வந்த பின்பும், சீமேந்து ஏற்றிய சாமான் கோச்சியை எங்கள் பக்கம் நீராவி எஞ்சினே இழுத்து வந்தது.

ஆசிரியர் புவியியல் அறையின் அளவைச் சங்கிலியை இரவல் வாங்கி, மதில் மூலையிலிருந்து கடவைவரை எங்களைக் கொண்டே அளப்பித்தார். 35 சங்கிலி, அதாவது 2310 அடி. கடவையை நெருங்கும் டிரைவர் ஊதலை இழுத்ததும் கொதிகலனின் முதுகிலிருந்து வெள்ளைப் பந்தொன்று எழும். அக்கணம் நிறுத்தற் கடிகாரத்தை அமத்த வேண்டும். கூவென்ற ஒலி மதிலுக்கு வந்து சேர்ந்ததும் மறுபடி அமத்த வேண்டும். இடையில் ஏறத்தாழ இரண்டு விநாடி. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பதைக் கோச்சி தலைகீழாக்கிவிட்டது என்று சொல்லித் தாமே சிரித்துக்கொள்வார். எங்கள் விடைகள் செக்கனுக்கு 1000 அடியிலிருந்து 1300 அடிவரை சிதறிக் கிடந்தன. சராசரி எடுத்தபோது 1150க்குக் கிட்ட வந்தது. புத்தகத்தில் 1090 என்றிருக்கிறதே என்று நான் முறையிட்டேன். அது பனிக்கட்டி உருகும் வெப்பநிலைக்குரிய கணக்கு, நீ நிற்பது வைகாசி வெயில் என்றார்.

இன்னொரு நாள் புகையிரத நிலையத்துக்கே அழைத்துப் போனார். நின்றுகொண்டிருந்த எஞ்சினின் காப்பு வால்வு சீறியபோது, அதன் வாயை ஒட்டி ஒரு சாண் உயரம் வெறுமையாகவும் அதற்கு மேலே வெண்மையாகவும் இருந்தது. அந்த வெறுமைதான் நீராவி, வெள்ளையாகத் தெரிவது குளிர்ந்த நீர்த்துளி என்பதை அன்று கண்ணாரக் கண்டேன். கரித்தூள் படிந்த வெள்ளைச் சட்டைக்காக அன்றிரவு வாங்கிக் கட்டியதும் மறக்கவில்லை.

டீசல் எஞ்சின்கள் பெருகியதும் அந்தச் செய்முறை நின்றுபோயிற்று. அவையும் ஊதின, ஆனால் ஊதும் கணத்தைக் கண்ணுக்குக் காட்டவில்லை. 1954இல் கொழும்புத் திட்டம் என்ற உதவித் திட்டத்தின் கீழ் கனடா அனுப்பிய டீசல் எஞ்சின்களுக்குத் தன் மாகாணங்களின் பெயர்களையே சூட்டியிருந்தது. ஒன்ராறியோ, அல்பேர்ட்டா, கியூபெக் என்று பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டி வாசித்த நான், எங்கள் பாடத்தை நிறுத்தியவனின் ஊரிலேயே முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வரி கட்டி வருகிறேன்.

1990இல் போரால் பாதை அறுந்தது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. 2014 ஒக்டோபரில் கோச்சி மீண்டும் யாழ்ப்பாணத்தை எட்டியது. 2015 சனவரியில் காங்கேசன்துறையையும் அடைந்தது. நிலையப் பலகையில் இன்றும் புகையிரதம் என்றே எழுதியிருக்கிறார்கள். தமிழ் ஆசிரியர் மகிழ்ந்திருப்பார், புகைதான் இல்லை.

அவ்வாண்டு ஆடியில் பேரனை அதே மதில் மூலைக்குக் கூட்டிச் சென்று கதை முழுவதையும் சொன்னேன். தூரத்தில் கோச்சி தெரிந்ததும் அவன் கைத்தொலைபேசியில் நேரமானியைத் திறந்துகொண்டு, கடவையை விட்டுக் கண்ணெடுக்காமல் கேட்டான்:

"அப்பப்பா, எப்ப அமத்திறது?"