மூக்குக்கு என்ன பதவி?

எம்.ஏ. படிக்கும்போது உலகச் சிறுகதைத் தாளுக்கு ஓர் இன்டர்னல். ரஷ்ய எழுத்தாளர் கோகலின் ‘மூக்கு’ கதையில் உள்ள அபத்தத்தை விளக்கச் சொல்லிக் கேள்வி. மூக்கு ஒரு குறியீடு, அகங்காரம், அடையாளச் சிக்கல் என்று நாலு பக்கம் அளந்துவிட்டேன். 15-க்கு 6. விடைத்தாள் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு கேள்வி: மூக்குக்கு என்ன பதவி?

கதையை இரண்டு முறை படித்திருந்தும் எனக்குத் தெரியவில்லை. இத்தனைக்கும் பதில் கதைக்குள்ளேயே இருக்கிறது.

ரஷ்யப் பேரரசர் மகா பீட்டர் 1722-இல் அரசுப் பதவிகளை 14 படிகளாகப் பிரித்துப் பட்டியல் போட்டார். கதையின் நாயகன் கொவல்யோவ் எட்டாம் படி. ராணுவத்தில் அது மேஜருக்குச் சமம் என்பதால் தன்னை மேஜர் என்றே சொல்லிக்கொள்வான். முகத்திலிருந்து காணாமல்போன அவன் மூக்கோ ஐந்தாம் படி அதிகாரியின் உடுப்பில் கோச் வண்டியில் போகிறது! கசான் தேவாலயத்தில் அதன் பக்கத்தில் போய்ப் பேசவே அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. ஒருவழியாக விஷயத்தைச் சொன்னதும் மூக்கு புருவத்தைச் சுளிக்கிறது. (மூக்குக்கு ஏது புருவம் என்று கேட்காதீர்கள், கோகல் அப்படித்தான் எழுதியிருக்கிறார்.) பிறகு அவன் உடுப்பின் பொத்தான்களைப் பார்த்து, நீங்கள் வேறு துறை போலிருக்கிறதே என்று கத்தரித்துவிடுகிறது. பத்திரிகை அலுவலகத்தில் விளம்பரம் கொடுக்கப் போனால் அங்கே இருப்பவருக்குப் பத்திரிகையின் பெயர் கெட்டுவிடுமே என்றுதான் கவலை. ஆறுதலுக்கு மூக்குப்பொடி வேறு நீட்டுகிறார், மூக்கே இல்லாதவனிடம்.

அதற்கப்புறம் என் படிப்பு முறையே மாறிப்போனது. பதவிப் பட்டியலை ஓர் அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு, பாத்திரம் வரும்போதெல்லாம் ஓரத்தில் எண்ணைக் குறித்தேன். கோகலின் ‘மேல்கோட்டு’ கதையில் வரும் அக்காக்கி ஒன்பது. பரம்பரைப் பிரபுத்துவம் அன்று எட்டில் கிடைத்தது. ஒரே படி குறைவு, அதிலேயே ஆயுள் போய்விடுகிறது. இந்த எண் இல்லாமல் அந்தக் கதைக்கு விடை எழுதினால் கம்பளிக்கோட்டுச் சோகம்தான் மிஞ்சும்.

இன்னொரு ரஷ்ய எழுத்தாளரான செகாவின் கதைகளுக்கு அட்டை தேவைப்படவில்லை. ‘பச்சோந்தி’க்கு (1884) இரண்டு பத்தி கொண்ட கட்டம் போடுங்கள்: இடப்பக்கம் ஒருவனைக் கடித்த நாய் யாருடையது என்று கூட்டம் சொல்வது, வலப்பக்கம் இன்ஸ்பெக்டர் ஒச்சுமேலவ் தன் கோட்டை என்ன செய்கிறார் என்பது. ஜெனரலின் நாயாக இருக்கலாம் என்றதும் வியர்த்துக் கோட்டைக் கழற்றுகிறார். இடையில் இல்லை என்றாகி, மறுபடி ஜெனரலின் நாய்தான் என்றதும் குளிரெடுத்து மாட்டிக்கொள்கிறார். செமஸ்டரில் அந்தக் கதையே வந்தது. கட்டத்தை அப்படியே விடைத்தாளில் போட்டுவிட்டு, கீழே விளக்கம் எழுதினேன். 15-க்கு 12.

இன்னொன்று. பெயர்களை உருப்போடாதீர்கள், பொருளைத் தெரிந்துகொள்ளுங்கள். செகாவின் இன்னொரு கதையில், தன் தும்மல் ஜெனரலின் தலையில் பட்டதற்கு மன்னிப்புக் கேட்டுக் கேட்டே செத்துப்போகும் செர்வியாக்கோவின் பெயரில் இருப்பது புழு. ‘பச்சோந்தி’யில் நாய் கடித்த ஹ்ரூக்கினின் பெயரில் பன்றி உறுமும்.