பன்னிரண்டாம் குழிக்காகக் காத்திருக்கிறேன்

இன்று அமெரிக்காவின் அகஸ்டா நேஷனல் கோல்ஃப் மைதானத்தின் காணொளி ஒன்றில், பதினொன்றாம் குழியின் கொடி ஒரு பக்கமும் அடுத்த குழியின் கொடி எதிர்ப்பக்கமும் பறப்பதைப் பார்த்ததிலிருந்து மனம் அங்கே ஏப்ரலில் நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டியிலேயே நிற்கிறது.

பன்னிரண்டாம் குழியின் நீளம், அதாவது முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து குழி வரையிலான தூரம், 155 யார்டு மட்டுமே.

ஆனால் முன்னால் ரேஸ் ஓடை, அதையடுத்து ஒடுங்கிய கிரீன், அதாவது குழியைச் சுற்றிய ஒட்ட வெட்டிய புல்தரை. காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாமல் வீரர்கள் மட்டையை எடுப்பதும் வைப்பதுமாக நிற்பார்கள்.

2016இல் முன்னிலையில் இருந்த ஜோர்டான் ஸ்பீத் இங்கேதான் இரண்டு பந்துகளை ஓடையில் விட்டு, மூன்று அடிகளில் முடிக்க வேண்டிய குழியை ஏழு அடிகளில் முடித்தார். 2019இல் சக வீரர் மொலினாரியின் பந்து அதே நீரில் விழ, டைகர் உட்ஸ் நிதானமாக கிரீனில் இறக்கினார். பட்டமும் அவருக்கே கிடைத்தது.

நெடுந்தூரம் அடிப்பவர்களை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். என் பார்வையில், அடக்கி ஆடத் தெரிந்தவரே பெரிய ஆட்டக்காரர்.

ஞாயிற்றுக்கிழமை இறுதிச் சுற்றில் அங்கே யார் கொடியைக் குறிவைப்பார், யார் ஆசையை அடக்கிக்கொண்டு கிரீனின் நடுவில் அடிப்பார் என்று பார்க்கத்தான் ஏப்ரலுக்காக ஏங்குகிறேன்.